விலைக்கு வந்த வீடு

‘இவ்வீடு விற்பனைக்கு’ என்று எழுதிய பலகை ஒன்று, சிற்றூர்த் தெருவில் ஒரு பழைய வீட்டின் கதவில் தொங்குகிறது என்று கொள்வோம். அதனைக் காண வருவோர் அனைவரும் ஒரே வீட்டைக் காண்பதில்லை. மனை தேடி வந்தவர் வீட்டை மறந்து நிலத்தின் நீள அகலங்களை அளக்கிறார். மர வாணிகர் தூணையும் கதவையும் தட்டிப் பார்த்து, எத்தனை கன அடி தேறும் என்று கணக்கிடுகிறார். அங்கே பிறந்து வெளியூரில் வாழ்பவர், விலைப்பணம் எத்தனை பங்காகும் என்று எண்ணுகிறார். குடியிருக்க விரும்பி வந்தவரோ, இவ்வீடு இன்னும் எத்தனை ஆண்டு நிற்கும் என்று வினவுகிறார்.

இந்நால்வர் வினாவும் முறையானவையே. ஆயினும் இவற்றிற்கெல்லாம் முன்னர்க் கேட்கத் தக்க வினா ஒன்று உண்டு. இதனைக் கட்டியவர் எவற்றை அறிந்து இவ்வாறு கட்டினார் என்பதே அவ்வினா. அதற்கு விடை காணாமல் வாங்குபவர், விலை கொடுத்தும் பொருளைப் பெறாதவர் ஆவார். விடை காணாமல் இடிப்பவர், தாம் இழந்தது இன்னதென்று அறியாதவர் ஆவார். ஆதலின், பழைய வீடு ஒன்றைப் படித்தறியும் முறையை ஈண்டுக் காண்போம்.

ஊரும் நீரும்

பாளையங்கோட்டைக்கு வடகிழக்கே, பொருநை எனப்படும் தாமிரவருணி ஆற்றின் கரையில் உள்ளது சீவலப்பேரி. பொதியமலையில் தோன்றிவரும் பொருநையோடு, குற்றால மலையிலிருந்து வரும் சிற்றாறு இவ்வூரை அடுத்துக் கூடுகிறது. முக்கூடற்பள்ளு என்னும் நூல் பாடும் முக்கூடல் இப்பகுதியே ஆகும். சீவல்லபன் என்பது பாண்டியர் சிலர் தாங்கிய பெயர். சீவல்லபப் பேரேரி என்பதே சீவலப்பேரி என மருவிற்று என்பர். ஆறும் ஏரியும் சூழ்ந்த இத்தகைய ஊரில் வீடு கட்டியவர், முதற்கண் நீரை எண்ணியே கட்டினார்.

ஆகவே, ஆற்றங்கரை ஊரில் வீடு பார்க்கச் செல்பவர் முதலில் கூரையை நோக்குதல் வேண்டா. தரையை நோக்குதல் வேண்டும். தெருமட்டத்திலிருந்து வீட்டின் தளம் எத்தனை படி உயர்ந்துள்ளது? சுவரின் கீழ்ப்பகுதி கல்லால் ஆயதா, மண்ணால் ஆயதா? கல்லால் ஆயின், நீர் சிறிது ஏறினும் சுவர் கரையாது. மண்ணால் ஆயின், ஒருநாள் ஊறினாலும் கேடு நேரும். 1992-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிலும், 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களிலும் பொருநையில் பெருவெள்ளம் வந்தது. இரண்டாவது வெள்ளத்தின்போது, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அவ்விரு வெள்ளங்களிலும் இத்தெருவில் நீர் எதுவரை ஏறிற்று என்பதை அண்டை வீட்டு முதியோரைக் கேட்டால் சொல்வர். எந்த ஆவணத்திலும் இல்லாத செய்தி அது.

மற்றொன்றும் காணத் தக்கது. சாலையைச் செப்பனிடும்போதெல்லாம் பழைய சாலையின் மேலேயே புதிய தளம் இடுவதால், தெரு ஆண்டுதோறும் உயர்கிறது. முன்பு மூன்று படி ஏறிச் சென்ற வீட்டிற்கு இன்று ஒரு படியே எஞ்சியிருக்கலாம். அது வீட்டைக் கட்டியவர் குற்றம் அன்று.

முற்றமும் காற்றும்

நெல்லைச் சீமையின் பழைய ஓட்டு வீடுகளில் உறுப்புகள் ஓர் ஒழுங்கில் அமைந்திருக்கும். தெருவை நோக்கித் திண்ணை, அதனைக் கடந்தால் நடை, அடுத்துப் பட்டாசாலை, நடுவே வானம் நோக்கிய முற்றம், அதன் அப்பால் அடுக்களையும், பாத்திரம் துலக்கும் அங்கணமும், பின்னர்ப் புறவாசலும் கிணறும் தொழுவமும். வாயில்கள் பெரும்பாலும் நேர்கோட்டில் அமைந்திருத்தலால், முன்வாயிலில் நிற்பவர் புறவாசலில் உள்ள மரத்தைக் காணலாம். இவ்வமைப்பு வெறும் அழகிற்காக ஏற்பட்டது அன்று.

வெப்பமுற்ற காற்று இலேசாகி மேலே எழும். முற்றத்தின் வழியே அது வெளியேறுந்தோறும், வாயில்களின் வழியே புதிய காற்று உள்ளே இழுக்கப்படும். தாழ்வாரத்தின் சரிவு உச்சி வெயிலைத் தடுக்கும். மழைநீரை முற்றத்தில் சேர்க்கும். பங்குனி, சித்திரைத் திங்களில் மின்விசிறி இன்றியும் பட்டாசாலையில் படுத்துறங்க இயன்றமைக்கு இதுவே காரணம். முற்றத்தின்மேல் தகட்டுக் கூரையிட்டு மூடிவிட்டு, ‘பழைய வீடு புழுங்குகிறது’ என்று குறை கூறுவோர் உளர். அவர் மூடியது வீட்டின் மூக்கினை என்பதை அறியார்.

எனினும், பழையன யாவும் நல்லன எனக் கொள்ளுதல் பொருந்தாது. புகை போக வழியற்ற அடுக்களையில் பெண்டிர் கண் எரிய உழைத்த வீடுகள் பல. வழிப்போக்கர்க்கு எனக் கட்டிய திண்ணை, வழிப்போக்கர் எல்லார்க்கும் திறந்திருந்ததில்லை. சாதியின் பெயரால் அதில் அமர ஒண்ணாதவராக மக்கள் பலர் வைக்கப்பட்டிருந்தனர். பழைய வீட்டை வாங்குபவர் அதன் சுவரை வாங்கலாம். அந்த வழக்கத்தை வாங்க வேண்டுவதில்லை. அடுக்களைக்குப் புகைபோக்கியும் திண்ணைக்கு வேறுபாடற்ற வரவேற்பும் அமைத்தல் புதிய உடைமையாளர் கடனாகும்.

சுவர்

இனி, சுவரைக் காண்போம். தாழையூத்தில் சிமெண்டு ஆலை 1949-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. அதற்கு முன்னர் இவ்வட்டாரத்தில் எழுந்த காரை வீடுகளில் பெரும்பாலானவை சுண்ணாம்பால் ஆயவை.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டுச் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு நீங்கிவிடும். எஞ்சிய சுண்ணாம்பை நீர்விட்டு நீற்றி, மணல் கூட்டி அரைப்பர். கடுக்காய் ஊறிய நீரையும் கருப்புக்கட்டி கரைத்த நீரையும் அதனோடு சேர்ப்பதும் உண்டு. இக்காரையைச் சுவரில் பூசியபின், காற்றிலுள்ள கரியமில வாயுவை அது சிறிது சிறிதாக மீண்டும் ஈர்த்துக்கொள்ளும். கல் சுண்ணாம்பாகி, அச்சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிறது. அதனால் சுண்ணாம்புச் சுவர் ஆண்டு பல கழியக் கழிய உறுதி பெறும்.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்பினது. ஆதலால், நிலத்திலிருந்து ஏறும் ஈரம் அதில் தங்குவதில்லை. இதனை அறியாத சிலர், பழைய சுவரில் சிறு வெடிப்புக் கண்டவுடன் அதன்மேல் சிமெண்டுப் பூச்சினை இடுகின்றனர். உள்ளிருக்கும் ஈரம் வெளிவர வழியின்றி உப்பாகப் பூத்துப் பூச்சினைத் தள்ளுகிறது. மூன்று நான்கு ஆண்டுகளில் சுவர் முன்னினும் கெடுகிறது. சுவருக்கு வந்த நோயினும், அறியாது செய்த மருத்துவமே அதனைக் கெடுத்தது. வீடு பார்க்கச் செல்பவர், சிமெண்டுப் பூச்சு உப்பி உதிரும் இடங்களைக் கண்டால், உள்ளே இருப்பது பழுதுபட்ட சுவர் என்று உடனே முடிவு கட்டுதல் ஆகாது. காரை வேலை அறிந்த கொத்தனார் ஒருவரை அழைத்துக் காட்டுதல் வேண்டும். அத்தகைய கொத்தனார் இன்று அரியர். அவர்கள் தொழில் மறைந்தால், சுண்ணாம்பு வீடுகளைக் காத்தல் பின்னர் எவர்க்கும் இயலாது.

மரமும் ஓடும்

சுவரை அடுத்து மரத்தைக் காணல் வேண்டும். தொல்காப்பியர் மரபியலில், உள்ளே வைரம் உடையவற்றை மரம் என்றும், புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் பகுத்துக் கூறினார். தேக்கு முதலியன அகத்தே வைரம் உடையன. பனையும் தென்னையும் புறத்தே வைரம் உடையன. இலக்கணம் கற்போர் மனப்பாடம் செய்து மறந்துவிடும் இப்பகுப்பு, வீடு வாங்குவோர்க்குப் பெரிதும் பயன்படும்.

தேக்குத் தூணைச் செல் அரிக்குமாயின், முதலில் வெளிப்புறத்து வெளிறே கெடும். உள்வைரம் நெடுங்காலம் நிற்கும். ஆதலால், பார்வைக்கு அரிக்கப்பட்டதாகத் தோன்றும் தேக்குத்தூண் உண்மையில் வலியுடையதாக இருக்கலாம். பனஞ்சட்டமோ இதற்கு மாறானது. அதன் உட்புறம் மென்மையாதலின், கேடு அங்கே தொடங்கிப் பரவும்; புறத்தே கறுத்து மின்னும் சட்டம் உள்ளே கூடாக இருத்தல் கூடும். எனவே, தேக்கைக் கண்ணால் கண்டு வெறுத்தலும், பனையைக் கண்ணால் கண்டு நம்புதலும் பிழையாகும். இரண்டையும் தட்டிக் கேட்டறிதல் வேண்டும். திண்மையான மரம் கணீரென ஒலிக்கும்; கூடான மரம் பொத்தென ஒலிக்கும். விட்டங்கள் சுவருக்குள் நுழையும் முனைகளே முதலில் உளுத்துப் போதலால், அம்முனைகளைக் கத்திநுனியால் குத்திப் பார்த்தலும் வழக்கம்.

ஓடுகளும் வரலாறு சொல்லும். குயவர் சக்கரத்தில் வனைந்த நாட்டு ஓடுகளே நெடுங்காலம் வழக்கில் இருந்தன. 1865-ஆம் ஆண்டில் பாசல் மிசன் என்னும் கிறித்தவச் சங்கத்தார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவினர். அதன்பின் தட்டையான சீமை ஓடுகள் தென்னாடெங்கும் பரவின. அவற்றின் உட்புறத்தில் தொழிற்சாலையின் பெயர் பொறித்திருக்கும்; அப்பெயரைக் கொண்டு கூரையின் காலத்தை ஒருவாறு உய்த்துணரலாம். நாட்டு ஓட்டுக் கூரையை அவ்வப்போது பிரித்து மாற்றி வேய்தல் வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஓர் ஓடு நழுவினால், அதனைக் காண்பார் இலர். அத்துளையின் வழியே மழைநீர் இறங்கிச் சட்டத்தை நனைக்கும். சட்டம் உளுத்தால் பிற ஓடுகளும் சரியும். கூரை வீழ்ந்தால் சுவரும் நனைந்து வீழும். பெரிய வீடு ஒன்று பாழாவதற்கு நழுவிய ஓடு ஒன்றே போதும். குடியிருந்து பேணாமையே பழைய வீடுகளின் முதற்பகை.

ஆவணம்

வீட்டின் உடலை ஆராய்ந்தபின், அதன் உரிமையை ஆராய்தல் வேண்டும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, நூறு உரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீட்டையோ நிலத்தையோ பதிவு செய்த பத்திரத்தாலேயே விற்றல் கூடும். ஆகவே, வாங்குபவர் தாய்ப்பத்திரத்தையும், பின்வந்த பத்திரங்களையும், வில்லங்கச் சான்றினையும், பட்டாவினையும் ஒருங்கே வைத்து ஒப்பிடுதல் வேண்டும்.

பழைய பத்திரங்களின் நடை இன்றைய மாணவர்க்கு வியப்பளிக்கும். நிதி, நிட்சேபம், சலம், தரு, பாஷாணம், ஆகாமி, சித்தம், சாத்தியம் என்னும் எட்டு உரிமைகளோடு விற்பதாக அவற்றில் எழுதியிருப்பர். புதையல், வைப்புப்பொருள், நீர், மரம், கல், இனி வரும் பயன், இப்போதுள்ள பயன், முயன்று பெறத்தக்க பயன் என்பன அவற்றின் பொருள். நிலம் என்பது மேற்பரப்பு மட்டும் அன்று, அதன் ஆழமும் எதிர்காலமும் சேர்ந்ததே என்னும் கருத்து இத்தொடரில் அடங்கியுள்ளது. எனினும், பத்திரத்தில் உள்ளதெல்லாம் சட்டத்தில் செல்லும் எனக் கருதலாகாது. பத்து உரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும் என 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் விதித்தது.

நான்கெல்லை கூறும் பகுதியையும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கிணற்றில் பாதி அடுத்த வீட்டாருக்கு உரியதாக இருக்கலாம். நம் கூரையின் நீர் அவர் மனையில் சொட்டும் உரிமை பத்திரத்தில் இருக்கலாம். புறவாசலுக்குச் செல்லும் முடுக்கு பலர்க்கும் பொதுவாக இருக்கலாம். இவை சிறியன போலத் தோன்றினும், தலைமுறை தலைமுறையாக வழக்காடச் செய்வன.

எல்லாவற்றினும் முதன்மையானது, விற்பவர் யாவர் என்பது. பூர்விக வீட்டில் உடன்பிறந்தார் அனைவரும் ஒப்பமிடுதல் வேண்டும். இந்துக் குடும்பங்களின் கூட்டுச் சொத்தில் பெண்மக்களுக்கும் ஆண்மக்களுக்கு நிகரான பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் வழங்கிற்று. 2005-ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் அவ்வுரிமை சட்டமாயிற்று. ‘தங்கைக்குச் சீர் செய்தாயிற்று, அவள் கையொப்பம் எதற்கு?’ என்று கேட்கும் அண்ணன்மார் சொல்லை நம்பி வாங்குபவர், பின்னர் நீதிமன்ற வாயிலில் நிற்க நேரும். அதனினும் மேலாக, ஒருவர்க்கு உரியதை அவர் அறியாமல் விற்றலும் வாங்கலும் அறமாகா.

பரணில் இருந்த தமிழ்

விலை பேசி முடிந்தபின் வீட்டைக் காலி செய்வர். அப்போது பரணில் உள்ள பழம்பொருள்களைக் குப்பையெனக் கருதி எறிதல் வழக்கமாகிவிட்டது. இதே பொருநைக் கரையில், சீவலப்பேரிக்குக் கீழே, ஆழ்வார்திருநகரி என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்த கவிராயர்களின் வீடுகளுக்கு உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிச் சென்றார்; பத்துப்பாட்டின் ஏட்டுச்சுவடி ஒன்றை அங்கே பெற்றார். 1889-ஆம் ஆண்டில் அந்நூல் அவரால் அச்சேறிற்று. அவர் வருமுன் அவ்வீடுகள் விற்கப்பட்டு, ஏடுகள் வீதியில் எறியப்பட்டிருப்பின், நாம் இழந்திருக்கக் கூடியது எத்துணை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழைய வீடுகள் மனிதர்க்கு மட்டும் உறையுளாக இருக்கவில்லை. தமிழுக்கும் உறையுளாக இருந்தன.

அப்பெரியார் தாம் வாழ்ந்த வீட்டிற்கு நேர்ந்தது யாது? சென்னைத் திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த வீட்டிற்குத் ‘தியாகராச விலாசம்’ என்று பெயர். தமக்குக் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பணி கிடைக்கச் செய்த தியாகராச செட்டியாரின் நினைவாக அவர் அப்பெயரை இட்டார். பிற்காலத்தில் கைமாறிய அவ்வீடு 2012-ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. விற்றவரையோ வாங்கியவரையோ சட்டம் தடுக்கவில்லை. பழம்பெருமை உடைய கட்டடங்களைக் காப்பதற்கெனத் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 2012-ஆம் ஆண்டில்தான்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. கணித மேதை இராமாநுசன் இளமையில் வாழ்ந்த வீடு கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னதித் தெருவில் உள்ளது. திண்ணையும் ஓட்டுக் கூரையும் உடைய சிறிய வீடு அது. அதனைச் சாஸ்திரா பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கிப் பழுது நீக்கி, உருவம் மாறாமல் காத்தது. 2003-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதனை நாட்டிற்கு உரிமையாக்கினார். இரு வீடுகளும் விலைக்கு வந்தவையே; ஒன்று மறைந்தது, மற்றொன்று நிலைத்தது. வேற்றுமை வாங்கியவர் நோக்கத்தில் இருந்தது.

நம் கடமை

பெரியோர் வாழ்ந்த வீடுகளைக் காத்தல் சரி. பெயர் அறியாத உழவர் வீட்டையும் வணிகர் வீட்டையும் ஏன் காத்தல் வேண்டும் என்று வினவலாம். வீடு கட்டும் அறிவு பெயர் அறியாதவர்களின் வீடுகளிலேயே மிகுதியாக உள்ளது. காரைக்குடியில் பழைய வீடுகளின் கதவும் தூணும் விற்கும் கடைகளைக் காண்போர், பிரித்து விற்கப்பட்ட வீடுகள் எத்தனை என்பதை உணர்வர். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற தட்சிணசித்ரா என்னும் இடத்தில், ஊர்களில் பிரிக்கப்பட்ட பழைய வீடுகள் சிலவற்றை எடுத்து வந்து மீண்டும் கட்டி வைத்துள்ளனர். நன்முயற்சியே, ஆயினும் எல்லா வீடுகளையும் அவ்வாறு எடுத்துச் செல்ல இயலாது.

பிற நாடுகளும் இவ்விடரை அறியும். சப்பான் நாட்டில் 2023-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 90 இலட்சம் வீடுகள் ஆளின்றி இருந்தன. அந்நாட்டு ஊராட்சிகள் பல, காலி வீடுகளுக்கு விவரப்பட்டியல் வைத்து, குடியேற விரும்புவோர்க்கு அறிவிக்கின்றன. இங்கிலாந்தில் 1947-ஆம் ஆண்டு முதல், சிறப்புடைய பழைய கட்டடங்களைப் பட்டியலிட்டு வருகின்றனர். அவற்றை விற்கலாம், ஆயின் இசைவு பெறாமல் இடித்தலோ மாற்றுதலோ கூடாது.

பிழைப்பிற்காக ஊர்விட்டுச் சென்றவர் தம் வீட்டை விற்றல் குற்றம் அன்று. மருத்துவச் செலவிற்கும் மகளின் படிப்பிற்கும் விற்பவரை இகழ்தல் அறியாமை. நிற்க இயலாத சுவரை இடித்தலும் தகும். அறியாமல் இடித்தலே தகாதது. இடிப்பதற்கு முன் அளந்து வரைந்து வைக்கலாம். பரணில் உள்ள ஏடுகளை நூலகத்திற்கு அளிக்கலாம். காரை வேலை அறிந்தவரிடம் அவர் தொழில் நுணுக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். இவற்றிற்குப் பெருஞ்செல்வம் வேண்டா. அளவுகோலும், தாளும், எழுதுகோலும், முதியோர் ஒருவர் பேசும்போது பொறுமையாகக் கேட்கும் செவியும் போதும்.

மாணவர்களே, உங்கள் தெருவில் உள்ள மிகப் பழைய வீடு எது? அதன் சுவர் எதனால் ஆயது? அதன் உத்திரம் தேக்கா, பனையா? 2023-ஆம் ஆண்டு வெள்ளத்தில் நீர் எந்தப் படிவரை வந்தது? இவ்வினாக்களுக்கு விடை எழுதித் தெருவின் படம் ஒன்றும் வரைந்தால், அது உங்கள் ஊருக்கு நீங்கள் எழுதிய ஆவணமாகும். நாளை அவ்வீடு விலைக்கு வரும்போது, நிலத்தின் அளவோடும் மரத்தின் கன அடியோடும் இவ்வறிவையும் சேர்த்து மதிப்பிட அது உதவும்.